பத்துக் கட்டைகள்

கையுறைகளைக் கழற்றி, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, விரல் விரலாக ஊதிப் பார்த்துவிட்டுத்தான் காசிநாதன் அவற்றை ஸ்டோர் ஜன்னலில் வைத்தார். ஓட்டை இருந்தால் காற்று காட்டிக்கொடுத்துவிடும். அந்தக் கையுறையை அடுத்து யார் போடப்போகிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. அவர் இல்லை என்பது மட்டும் தெரியும். பிப்ரவரி எட்டாம் தேதி, சனிக்கிழமை, பிற்பகல் மூன்றே முக்கால். ஹெல்மெட், இடுப்புப் பட்டை, நுழைவு அட்டை மூன்றையும் ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டார். அவரை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள்.

ஸ்டோரிலிருந்து வாசலுக்கு நேராக நடந்தால் முப்பது தப்படி இருக்கும். நடுவில் ஒரு கிரேன் கையை நீட்டிக்கொண்டு நின்றது. கொக்கியில் எதுவும் தொங்கவில்லை, ஓட்டுநரும் சாப்பிடப் போயிருந்தார். காசிநாதன் அதன் அடியில் போகவில்லை. வெயிலில் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக்கொண்டு போனார்.

“இன்னாண்ணா, இப்பவும் சுத்திக்கினுதான் போவியா?” என்று வாசலில் இருந்த காவலாளி சிரித்தார்.

“இப்ப மேல வுழுந்தா இன்சூரன்சுகூட கெடியாதே, நைனா.”

நான் அந்த ஆலைக்குள் இருந்ததற்குக் காரணம் என் கேமரா. ஐந்து வருடம் நாடு நாடாகச் சுற்றிவிட்டு நாவலூரில் அக்கா வீட்டுக்குத் திரும்பியிருந்தேன். பையை இன்னும் பிரிக்கவில்லை. ஓரிடத்தில் உட்கார முடியாமல் இருந்தபோது இந்தப் பத்து நாள் வேலை வந்தது. திருப்போரூர் பக்கம், பயன்படுத்திய கரைப்பான்களைக் காய்ச்சிச் சுத்தம் செய்து திருப்பித் தரும் ஆலை. ஆண்டுக்கு ஒருமுறை ஆலையை நிறுத்திப் பாகங்களைக் கழற்றிப் பார்ப்பார்கள். அதற்கு ஷட்டவுன் என்று பெயர். கழற்றும் ஒவ்வொன்றையும் கழற்றுவதற்கு முன்னும் பின்னும் படம் எடுக்க வேண்டும். போன இடத்தில் நான் அதிகம் பார்த்தது பாகங்களை அல்ல, காசிநாதனை.

வயது ஐம்பத்தொன்று. சொந்த ஊர் புதுப்பட்டினம். ஒடிசலான உடம்பு, காதோரம் மட்டும் நரை. வேலை, ஹீட் எக்ஸ்சேஞ்சரிலிருந்து பண்டில் எடுத்துத் திரும்ப வைப்பது. ஹீட் எக்ஸ்சேஞ்சர் என்பது படுக்கவைத்த பெரிய இரும்புப் பீப்பாய். அதற்குள் அறுநூறு மெல்லிய குழாய்கள், விளக்குமாற்றுக் குச்சிகள்போல ஒன்றாகச் சேர்ந்து, நடு நடுவே இரும்புத் தட்டுகளில் கோக்கப்பட்டிருக்கும். அந்த மொத்தக் கொத்துதான் பண்டில். குழாய்களுக்குள் குளிர்ந்த தண்ணீர் ஓடும், வெளியே கொதிக்கும் கரைப்பான் ஓடும், ஒன்றின் சூட்டை மற்றது வாங்கிக்கொள்ளும். ஆண்டு முழுக்கப் படிந்த கசட்டைக் கழுவ வேண்டுமென்றால் பண்டில் முழுதாக வெளியே வந்தாக வேண்டும். ஆறு மீட்டர் நீளம், நான்கு டன் எடை. பீப்பாய்க்கும் அதற்கும் இடையே சுண்டுவிரல்கூட நுழையாது.

“எடுக்குறது பல்லு புடுங்குற மாரி,” என்றான் ஜோயல். இழுவை எந்திரத்தை இயக்குகிறவன், முப்பது வயது, பேச்சில் பிரியன். “எவன் வேணா புடுங்கலாம். புடுங்குன பல்ல அதே குழில திரும்பக் குந்த வெக்கணும் பாரு, அதுக்குத்தான் அண்ணாத்த வேணும்.”

காசிநாதன் எதையும் கேள்விப்பட்டு நம்புவதில்லை. வால்வுகளை அடைத்துப் பூட்டிவிட்டோம் என்று தாளில் எழுதியிருக்கும், பொறியாளர் கையெழுத்தும் இருக்கும். இவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வால்வாகப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பார். பிறகு அதன் பக்கத்தில் தன் சொந்தப் பூட்டையும் மாட்டுவார். சாவிகள் அரைஞாண் கயிற்றில் தொங்கும். மூடியின் போல்ட்டுகளில் தனக்கு எதிர்ப்பக்கம் இருப்பதைத்தான் முதலில் தளர்த்துவார். உள்ளே மிச்சம் மீதி ஏதாவது இருந்தால் அந்தப் பக்கம் பீய்ச்சட்டும் என்று. “எல்லாம் வடிச்சாச்சுனு சொல்றான் இல்ல? சொன்னவன் வாய் அங்க கீது, என் மூஞ்சி இங்க கீது.”

பண்டிலை இழுக்கத் தொடங்குவதற்கு முன் பீப்பாய் வாய்க்கு நேரே தரையில் மஞ்சள் பெயின்டால் இரண்டு கோடுகள் போடுவார். இரண்டுக்கும் இடையில் யாரும் நிற்கக் கூடாது, மேலாளரே ஆனாலும். அந்த இடத்துக்கு அவர் வைத்த பெயர் துப்பாக்கி வாய். முதல் நாள் நல்ல கோணம் தேடி அங்கே போய் நின்றுவிட்டேன். விசில் கேட்டது. திரும்பிப் பார்த்தால் எந்திரம் நின்றிருந்தது, எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். காசிநாதன் கோபப்படவில்லை. “கண்ணு, போட்டோ நல்லா வரும். நீ வரமாட்ட,” என்றார்.

அந்த விசில் அவருடையது மட்டுமல்ல. குழுவில் ஆறு பேர், ஆறு பேர் கழுத்திலும் விசில் உண்டு. யார் ஊதினாலும் வேலை நிற்கும். ஏன் ஊதினாய் என்று நின்ற பிறகுதான் கேட்பார். “இழுன்னு சொல்றதுக்கு ஒரே மேஸ்திரி. நிறுத்துன்னு சொல்றதுக்கு எல்லாருமே மேஸ்திரி.”

மதியம் அரை வயிறுதான் சாப்பிடுவார். வயிறு நிறைந்தால் காது மந்தமாகிவிடுமாம். அவர் மனைவி லோகநாயகி கொடுத்தனுப்பும் கருவாட்டுத் தொக்கில் பாதி ஜோயலுக்குத்தான் போகும். கையில் மோதிரம், கயிறு எதுவும் கிடையாது. திருக்கழுக்குன்றத்தில் மந்திரித்த கயிற்றைப் பர்ஸுக்குள் மடித்து வைத்திருப்பார். “சாமி கையில இருந்தா செயின்ல மாட்டிக்கும். பர்ஸ்ல இருந்தா சேஃப்டி.”

என் பயணங்களைப் பற்றி அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “அங்கல்லாம் பெல்ட்டுல தூக்குறானா, வயர் ரோப்புல தூக்குறானா?” கருங்கடல் ஓரத்துத் துறைமுகத்தில் சூரியன் மறைவதை எடுத்த படம் ஒன்றைக் காட்டினேன். சூரியனை விரலால் ஒதுக்கிவிட்டு மூலையில் நின்ற ஒரு கிரேனைப் பெரிதாக்கிப் பார்த்தார். “பெல்ட்டுதான். பரவால்ல, வெவரமானவன்,” என்று போனைத் திருப்பிக் கொடுத்தார்.

இனி கட்டைகள். பண்டில் உள்ளே போகும்போது அதன் இரும்புத் தட்டுகள் பீப்பாயின் உதட்டில் உரசும். உதடு சிராய்த்தால் பிறகு மூடி சரியாக உட்காராது, கசியும். அதனால் உதட்டின்மேல் சின்ன, மெல்லிய மரக்கட்டைகளைச் சொருகி, ஒவ்வொரு தட்டும் தாண்டியதும் கட்டையை உருவி எடுப்பார்கள். மற்ற குழுக்கள் கையில் கிடைத்த பலகைத் துண்டைச் சொருகுவார்கள். காசிநாதனிடம் வேலமரத்தில் அவரே இழைத்த பத்துக் கட்டைகள் உண்டு. ஒவ்வொன்றிலும் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் ஒன்று முதல் பத்து வரை எண் சுட்டிருக்கும். அவற்றை வைக்க ஒரு எவர்சில்வர் தாம்பாளம். அதைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்கென்றே ஒரு ஆள். அவர் வேறெந்த வேலையும் செய்யக் கூடாது, கயிற்றைத் தொடக் கூடாது, டீ வந்தாலும் வாங்கக் கூடாது. கட்டை போகும்போது எண்ணைச் சொல்லிக் கொடுக்க வேண்டும், வரும்போது எண்ணைச் சொல்லி வாங்க வேண்டும். இது எந்த ஆலையின் விதிப்புத்தகத்திலும் இல்லை. காசிநாதன் குழுவில் மட்டும் இருந்த பழக்கம்.

தாம்பாளக்காரர் பெயர் தனகோடி. காசிநாதனைவிட நான்கு வயது மூத்தவர், ஆனாலும் அவரை அண்ணாத்த என்றுதான் கூப்பிடுவார். “கல்யாண வூட்ல தாம்பாளம் தூக்குனா வெத்தல பாக்காவது தருவானுங்க. இங்க மொறைக்கிறானுங்க,” என்பார்.

ஆறாம் தேதி வியாழக்கிழமை மூன்றாவது பண்டில் உள்ளே போனது. பெல்ட் பிடிக்கிற ஆட்களில் ஒருவன் காய்ச்சலில் வரவில்லை. பண்டில் முக்கால்வாசி உள்ளே போனபோது பெல்ட்டை இடம் மாற்ற வேண்டியிருந்தது, இரண்டு கை போதவில்லை. சனிக்கிழமை ஆலையை ஓட்டியாக வேண்டும் என்று காலையிலிருந்து மூன்று தடவை போன் வந்திருந்தது. காசிநாதன் ஒரு கணம் சுற்றிலும் பார்த்தார். “தனகோடி, தாம்பாளத்த டிரம்மு மேல வெச்சுட்டு வா. அஞ்சே நிமிசம்.”

தனகோடி வந்தார், பெல்ட் மாறியது, பண்டில் உள்ளே போய் உட்கார்ந்தது. பஞ்சால் துடைத்துவிட்டு மூடியைத் தூக்கி மாட்டலாம் என்று இருந்தபோது தனகோடியின் குரல் கேட்டது.

“அண்ணாத்த, ஒம்பதுதான் கீது.”

“நம்பர் படி.”

“ஒண்ணு, ரெண்டு, மூணு, அஞ்சு…”

நான்கு இல்லை.

எல்லோரும் தேட ஆரம்பித்தோம். டிரம்முக்கு அடியில், பெல்ட் மடிப்புகளில், பஞ்சுக் குப்பையில். ஜோயல் தன் பூட்ஸைக் கழற்றி உதறினான். தனகோடி சட்டையையே கழற்றிவிட்டார். பீப்பாயின் பின்பக்கத் திறப்பு வழியாக, கம்பி நுனியில் என் போனைக் கட்டி உள்ளே விட்டுப் படம் எடுத்தோம். முதல் தட்டு வரை தெரிந்தது. அதற்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை.

பிறகு என் கேமராவைச் சுற்றிக் கூடினார்கள். அன்று காலை எடுத்த நாற்பது படங்களையும் ஒவ்வொன்றாகத் தள்ளினேன். பதினொன்று பத்துக்கு எடுத்த ஒரு படத்தில் டிரம்மின்மேல் தாம்பாளம் இருந்தது. அதில் பாதியை ஜோயலின் முழங்கை மறைத்திருந்தது. மீதிப் பாதியில் ஆறு கட்டைகள் தெரிந்தன. முழங்கைக்குப் பின்னால் மூன்று இருக்கலாம், நான்கும் இருக்கலாம்.

“உன் கை முட்டிய வெட்டணும்டா,” என்றார் தனகோடி.

“போட்டோ எடுக்குறாங்கன்னா கொஞ்சம் போஸ் குடுக்க வேணாமா?” என்றான் ஜோயல். சிரிக்கத்தான் சொன்னான். தனகோடி மறுபடி டிரம்முக்கு அடியில் குனிந்தார்.

அன்றைய பொறுப்புப் பொறியாளர் ஹரிப்ரியா. இருபத்தாறு வயது, கரூர்க்காரி, பொத்தேரியில் படித்துவிட்டு அங்கே வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. கட்டை உள்ளே இருந்தால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சூட்டில் கருகும், சில்லு சில்லாக உடையும், கரைப்பானோடு சேர்ந்து ஓடும். அழுத்தம் மிஞ்சும்போது தானாகத் திறந்துகொள்ள வேண்டிய வால்வின் வாயில் ஒரு சில்லு போய் அடைத்துக்கொண்டால் போதும். அந்தப் பீப்பாய்க்குப் பத்தடி கீழே நாற்பது பேர் வேலை செய்யும் கூடம் இருந்தது.

ஒப்பந்தக்காரர் உப்பிலி ஒரு மணி நேரத்தில் காரில் வந்து இறங்கினார். கெட்ட மனிதர் அல்ல. காசிநாதனைப் பதினாறு வருடமாக வேலைக்குக் கூப்பிடுகிறவர், ஷட்டவுன் நாட்களில் எல்லோருக்கும் தானே சாப்பாடு கொண்டு வருகிறவர். காசிநாதனைத் தோளில் கைபோட்டு ஓரமாக அழைத்துப் போனார். நான் இரண்டடி தள்ளி லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“காசி, நீ எண்ணினதே தப்பா இருக்கலாமில்லையா? காலையிலேயே ஒன்பதுதான் இருந்திருக்கும்.”

“இருக்கலாம் சார். காலில ஒம்பதுன்னா உள்ள ஒண்ணுமில்ல. காலில பத்துன்னா உள்ள ஒண்ணு கீது. எதுன்னு நீயே சொல்லு, நான் மூடிடறேன்.”

உப்பிலி இன்னும் நெருங்கி வந்தார். குரலை இறக்கினார். “இந்தக் கட்டைக் கணக்கை ஆலைக்காரன் கேட்டானா? அவன் தாள்ல அப்படி ஒரு கட்டமே இல்லை. இது உன்னோட சொந்தக் கணக்கு. நீயா வாயத் திறந்து சொல்லலேன்னா யாருக்குத் தெரியப்போறது?”

“தனகோடிக்குத் தெரியும் சார்.”

“தனகோடி உன் ஆள்.”

“அதான் சார் பேஜாரு,” என்றார் காசிநாதன். “அவன நான்தான் கூப்ட்டேன். அஞ்சு நிமிசம் தாம்பாளம் அநாதியா கெடந்துச்சு. அந்த அஞ்சு நிமிசத்துக்கு என்கிட்ட கணக்கு இல்ல. தப்பு என்து.”

பிறகு நேராக ஹரிப்ரியாவிடம் போனார். பண்டிலை மறுபடி வெளியே எடுக்க அவள் கையெழுத்து வேண்டும். அவள் மேலாளரோடு போனில் பேசிவிட்டு வந்திருந்தாள். காதெல்லாம் சிவந்திருந்தது.

“காசி அண்ணா, வெளியே எடுத்து, உள்ளே ஒண்ணுமே இல்லைன்னா?”

“இல்லன்னா நல்லதும்மா.”

“எனக்கு மெமோ வரும்.”

“வரும்.”

“உங்களை அனுப்பிடுவாங்க.”

“அனுப்புவாங்க.”

“அப்புறம்?”

“அப்புறம் இன்னா, உள்ள இல்லன்னு தெரிஞ்சுபோச்சு இல்ல?”

ஹரிப்ரியா பேனாவைத் திறந்தாள், மூடினாள். கீழே கூடத்திலிருந்து யாரோ பாட்டுப் போட்டிருந்தது கேட்டது. அவள் கையெழுத்துப் போடும்போது நான் படம் எடுக்கவில்லை. எடுத்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

எடுப்பது என்று முடிவான பிறகும் அன்றே எடுக்கவில்லை. மணி நான்கரை ஆகியிருந்தது. இருட்டில் இழுப்பதில்லை என்பது காசிநாதனின் இன்னொரு பழக்கம். விளக்கு போட்டுத் தருகிறோம் என்றார்கள். “வெளக்கு போட்டா நெழலும் வரும் சார். நெழலுக்குள்ள எவன் நிக்கறான்னு எனக்குத் தெரியாது,” என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போய்விட்டார். மேலாளருக்கு இது இன்னும் எரிச்சல் மூட்டியது.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குத் தொடங்கினார்கள். மஞ்சள் கோடுகள் அழியாமல் இருந்தன, ஆனாலும் காசிநாதன் அவற்றின்மேல் மறுபடி பெயின்ட் அடித்தார். தனகோடி தாம்பாளத்தை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். ஜோயல் எந்திரத்தை அங்குல அங்குலமாக நகர்த்தினான். இழுவிசையைக் காட்டும் ஊசியின் எண்ணை அவன் சத்தமாகச் சொல்லச் சொல்ல, காசிநாதன் இடது உள்ளங்கையைப் பீப்பாயின்மேல் வைத்துக்கொண்டு தலையாட்டினார். ஒவ்வொரு தட்டும் வெளியே வரும்போது எல்லோருடைய தலைகளும் ஒரே பக்கம் சாய்ந்தன. ஒவ்வொரு இடுக்கிலும் டார்ச் அடித்துப் பார்த்தார்கள்.

பன்னிரண்டு மணிக்குப் பண்டில் முழுதாக வெளியே வந்து மரப் படுக்கைகளின்மேல் உட்கார்ந்தது. வாயுப் பரிசோதனை செய்து, சரி என்று தாள் வந்த பிறகு, காசிநாதன் டார்ச்சோடு காலிப் பீப்பாய்க்குள் தவழ்ந்து போனார். அவர் வெறுங்கால்கள் மட்டும் கொஞ்ச நேரம் வெளியே தெரிந்தன. பூட்ஸின் அடிப்புறம் உதட்டைச் சிராய்க்கும் என்று கழற்றி வைத்திருந்தார். உள்ளே அவர் முழங்கால் நகரும் ஓசை கேட்டது. அது போய்க்கொண்டே இருந்தது, பிறகு திரும்பி வந்தது.

வெளியே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“இல்ல.”

ஜோயல் ஹெல்மெட்டைத் தரையில் வைத்து அதன்மேலேயே உட்கார்ந்தான். உப்பிலி காரை நோக்கி நடந்தார். ஹரிப்ரியா என் பக்கத்தில் நின்றிருந்தாள். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் பெரிதாக ஒரு மூச்சு விட்டு, “சரி, புது கேஸ்கட் எடுத்துட்டு வர்றேன்,” என்று ஸ்டோருக்கு ஓடினாள். பண்டில் வந்து உட்காரும் இடத்தில் கசியாமல் இருக்க வைக்கும் வளையம் அது, ஒருமுறை நசுங்கினால் மறுபடி போட முடியாது. தாமதக் கணக்கில் அதுவும் சேர்ந்தது.

காசிநாதன் அதே நிதானத்தோடு பண்டிலைத் திரும்ப உள்ளே வைத்தார். ஒன்பது கட்டைகள் போயின, ஒன்பதும் வந்தன. மறுநாள் சனிக்கிழமை இரண்டு மணிக்குக் கடைசி போல்ட்டை இறுக்கித் தன் பூட்டுகளை எல்லாம் கழற்றினார். அதன் பிறகுதான் உப்பிலி அவரிடம் வந்து பேசினார். இரண்டு நிமிடப் பேச்சு. கையுறைகளோடு காசிநாதன் ஸ்டோருக்குப் போனார். ஆலை திங்கட்கிழமைதான் ஓடியது.

நான்காம் எண் கட்டை கிடைக்கவே இல்லை. தெரு நாய் கவ்விக்கொண்டு போயிருக்கும் என்பது ஜோயல் கட்சி. ஜோயலின் முழங்கை தட்டிவிட்டு அது குப்பை லாரியோடு போயிருக்கும் என்பது தனகோடி கட்சி. காசிநாதனிடம் கேட்டேன். “எந்த டீக்கட பெஞ்சு ஆடிக்கினு இருந்துச்சோ. எவனாவது முட்டு குடுத்துருப்பான்,” என்றார். புதிதாக ஒரு கட்டை செய்தார். அதில் நான்கு என்று சுடவில்லை, பதினொன்று என்று சுட்டார். ஏன் என்றேன். “நாலு எங்கியோ கீது. இன்னொரு நாலு செஞ்சுட்டு, நாளிக்கி அதுவும் வந்துச்சுன்னா? ரெண்டு நாலு இருந்தா எந்த நாலு உள்ள, எந்த நாலு வெளில?”

ஆலைகள் இருக்கும் வட்டாரத்தில் செய்தி பரவ ஆட்கள் அதிகம் தேவையில்லை. மறைமலைநகர் வரை போனது. இல்லாத கட்டையைத் தேடி ஆலையை இரண்டு நாள் நிறுத்தியவன் என்று பெயர். டீக்கடைகளில் அவருக்கு நாலாம் நம்பர் என்று பட்டம் வைத்தார்கள். ஒப்பந்தக்காரர்கள் அவர் போனை எடுப்பதை நிறுத்தினார்கள். ஜோயலையும் தனகோடியையும் வேறு குழுக்கள் சேர்த்துக்கொண்டன. லோகநாயகி சிறுசேரியில் ஓர் அலுவலகத்தில் துப்புரவு வேலை செய்கிறார். கம்பெனி பஸ் பிடிக்கக் காலை ஐந்தரைக்கு வீட்டைவிட்டுக் கிளம்புவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது காசிநாதன் சுவரில் காலண்டருக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். நூல் பிடித்து, பென்சிலால் குறித்து, சுவரைத் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்டு.

“நேத்து ஆரம்பிச்சது,” என்றார் லோகநாயகி. “இன்னிக்கி முடிஞ்சுடும்னு நெனக்கிறேன்.” பிறகு அடுப்படியில் எனக்கு மட்டும் கேட்கும்படி, “ஒரு வார்த்த சொல்லாம இருந்திருக்கலாம் இல்ல, இந்த மனுசன்? சொல்லாம இருந்திருந்தா நைட்டுல தூங்கிருக்கமாட்டாரு. இப்ப வேலைதான் இல்ல, நல்லா தூங்குறாரு,” என்றார். அதைக் குறையாகச் சொன்னாரா, வேறெப்படிச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

மாமல்லபுரத்துச் சிற்பக் கூடங்களில் சில மாதங்களாக அவருக்கு வேலை கிடைக்கிறது. செதுக்கி முடித்த கருங்கல் சிலைகளை லாரியில் ஏற்றும் வேலை. தினமும் கிடையாது, சிலை கிளம்பும் நாளில் மட்டும். பண்டில் இருந்த இடத்தில் இப்போது துவாரபாலகர்கள். அவர்களுக்கும் மஞ்சள் கோடு போடுகிறார். கடற்கரைச் சாலையில் நின்று வேடிக்கை பார்க்கும் சுற்றுலாக்காரர்களை விசில் ஊதி விரட்டுகிறார். “இதுல ஒரு வசதி கண்ணு. கல்லுக்குள்ள எதையும் வுட்டுட்டு வர முடியாது.”

இதற்கிடையே நான் இரண்டு முறை ஊரைவிட்டுக் கிளம்பி இரண்டு முறை திரும்பி வந்துவிட்டேன். இந்த ஏப்ரலில், அவர் ஆலையிலிருந்து வெளியேறிப் பதினான்கு மாதம் கழித்து, ஒரு காலை அந்தக் கூடத்துக்குப் போயிருந்தேன். ஏழடிச் சிலை ஒன்று பெல்ட்டுகளில் தொங்கிக்கொண்டிருந்தது. காசிநாதனின் சட்டைப்பையில் போன் அடுத்தடுத்து மூன்று முறை துடித்தது. அவர் கண் சிலையின் அடியைவிட்டு நகரவில்லை. சிலை லாரியில் இறங்கி, வைக்கோல் திணித்து, கயிறு கட்டி, பெல்ட்டுகளைச் சுருட்டி, குழாயில் கை கழுவிய பிறகுதான் போனை எடுத்தார். கண்ணாடியை மாட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

“தமிழ இங்கிலீசு எழுத்துல அட்ச்சிருக்குது. இன்னான்னு படி.”

படித்தேன். “காசி அண்ணா, நான் ஹரிப்ரியா. இப்போ வேற கம்பெனியில இருக்கேன். ஜூன்ல ஷட்டவுன். ஆறு பண்டில். அஞ்சு நாள்ல முடிக்கணும்னு மேலே சொல்றாங்க. ஆள் எடுக்கறது இந்தத் தடவை என் பொறுப்பு. நீங்க செய்யறதா இருந்தா எத்தனை நாள் கேப்பீங்க?”

“மறுக்கா படி.”

மறுபடி படித்தேன். அவர் போனை வாங்கிக்கொண்டு லாரியின் நிழலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். வலது கையால் போனைப் பிடித்தபடி இடது கை விரல்களின் கணுக்களைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். உதடுகள் அசைந்தன. பிறகு ஈர விரலை லுங்கியில் துடைத்துக்கொண்டு 7 என்று அடித்தார். அனுப்பவில்லை. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அழித்துவிட்டு 8 என்று அடித்து அனுப்பினார்.